மரியரட்ணம் அண்ணை வீட்டுக் கரண்ட்

சுவரில் துளை போடுமுன் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கத்தால் போகிறதென்று வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும், ஐயா. நான் கேட்கவில்லை. குருநகரில் மரியரட்ணம் அண்ணை வீட்டுக்குச் சோலார் இன்வேர்ட்டர் மாட்டப் போன அன்றே குழாயைத் துளைத்து, அறையைக் குளமாக்கி, நானும் தெப்பமாக நனைந்து நின்றேன்.

கட்டிலில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்த அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலமெல்லாம் கடலுக்குப் போனனான். வீட்டுக்குள்ளை நனைஞ்சவனை இண்டைக்குத்தான் பாக்கிறன். மீன் ஏதும் பட்டதோ?"

"வலையை மறந்திட்டன் அண்ணை."

அவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் மூச்சிழுத்தார். "அவரைச் சிரிக்க வையாதை தம்பி, மூச்சு வாங்கும்," என்று அவர் மனைவி அற்புதராணி அக்கா ஏசினா.

என் பகிடிக்கு இன்னொருவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். இணுவிலில் என் வீட்டில் நானும் ஒரு மேசை விசிறியும். என்ன சொன்னாலும் அது இடமும் வலமும் தலையாட்டும்.

அண்ணைக்கு நுரையீரல் பழுது. ஒட்சிசன் மெசின் ஓடினால்தான் மூச்சு. ஊரில் கரண்ட் போனாலும் அது நிற்கக்கூடாதென்றுதான் பற்றரியோடு சோலார் போட்டார்கள். அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் இருந்தது. நான் திறமாகச் செய்து கொடுத்தேன். வில்லங்கமே அதுதான். திறமாகச் செய்தவனை ஒருவரும் திரும்பக் கூப்பிடமாட்டார்கள்.

வீட்டுக் கரண்ட் முழுக்க இன்வேர்ட்டருக்குள்ளால்தான் வரும். நான் பூட்டிய இன்வேர்ட்டர்களை என் கைபேசியிலிருந்தே நிப்பாட்டலாம், போடலாம். ஒருநாள் சும்மா நிப்பாட்டிப் பார்த்தேன். அக்கா உடனே கூப்பிட்டா. போய்ப் பெட்டியைக் கழற்றிப் பூட்டி, அவர்கள் காணாமல் கைபேசியைத் தட்டினேன். மெசின் ஓடியது. பொழுதுபடும்வரை அண்ணையோடு கதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மனம் ஓரிடத்தில் நில்லாத நாளெல்லாம் அப்படித்தான். சிலிண்டர் இருக்கிற துணிவில்தான் செய்தேன். நான் பொறுப்பில்லாதவனல்ல.

போன மாதம் கோயில் பெருநாள். இருப்புக் கொள்ளவில்லை. குருநகருக்கு வந்து, தெருமுனையில் நின்றே நிப்பாட்டினேன். கெதியாய்ப் போகலாமே என்றுதான். பார்த்தால் புனிதரின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருகிறது. தெரு முழுக்கச் சனம்.

அக்கா கூப்பிட்டா. "தம்பி, சிலிண்டரும் முடிஞ்சு போச்சு. ஓடி வா."

"இந்தா வாறன் அக்கா."

கைபேசி கையில்தான் இருந்தது. ஒரு தட்டுத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் ஐயா, கரண்ட் தானாக வந்துவிட்டால் நான் எதற்கு? மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுச் சனத்துக்குள்ளால் நடந்தேன். விரைவாகத்தான் நடந்தேன். அண்ணைக்குச் சொல்ல ஒரு பகிடியும் யோசித்துக்கொண்டு போனேன்.

கேற்றடியில் அக்காவின் அழுகை கேட்டது. அப்போதுதான் தட்டினேன். உள்ளே மெசின் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. என் வேலையில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அவரைக் கொன்றது நான். அதை அப்படியே உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதுங்கள்.

இன்றைக்கு முப்பத்தோராம் நாள் பூசை. அடிக்கடி வந்து அண்ணைக்குக் கரைச்சல் குடுத்திட்டனோ என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். மகள் ஜெசிதா, "சாப்பிடுங்கோ அண்ணை" என்று தட்டை நீட்டினாள். மற்றவர்கள் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். கடைசியில் அக்காவைக் கேட்டேன்.

"கரைச்சலோ?" என்றா. "மெசின் பழுதாகாத நாளெல்லாம், 'உவன் இண்டைக்கு வரமாட்டானோ' எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவர். வேலையுள்ள பெடியனைச் சும்மா கூப்பிடக் கூடாதெண்டு நான்தான் கூப்பிடாமல் விட்டிட்டன்."