பத்துப் புள்ளி தூரம்

உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது, சார். அதற்காகத்தான் வந்தேன். கையால் எழுதிப் பல நாளாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். நான் ஆப் எழுதுகிறவன். நான் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஆபீசில் பூதக்கண்ணாடி என்று பெயர். பழைய அட்டைப் பெட்டிகளை நசுக்கிக் கட்டாக்கும் கிடங்கு ஒன்றுக்கு ஆப் செய்து கொடுத்தோம். டேப்லட்டில் ஆறு மெஷின்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இயக்கு’ என்று ஒரு பச்சைப் பட்டன். கடைசி மெஷினைப் பார்க்க வரிசையை விரலால் மேலே தள்ள வேண்டும். மெஷின் கதவு திறந்திருந்தால் எதுவும் ஓடக் கூடாதுதான். ஆனால் வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று அந்தத் தடுப்பைக் கிடங்கில் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள்.

விரல் கண்ணாடியில் பட்டதும், அது தட்ட வந்ததா தள்ள வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். திரையில் பத்துப் புள்ளி தூரத்துக்கு மேல் நகர்ந்தால் தள்ளல். நகராமல் விரலை எடுத்தால் தட்டல், அப்போதுதான் மெஷின் ஓட வேண்டும். நான் பொறுக்கவில்லை. பட்டன் மந்தமாக இருக்கிறது என்று கிடங்கு முதலாளி முணுமுணுத்ததால், விரல் பட்டவுடனே ஓடும்படி மாற்றிவிட்டேன்.

‘தள்ளும்போதே மெஷின் ஓடுகிறது’ என்று மாப்பிள்ளை மூன்று முறை எழுதினார். “உங்க விரல் தடிமன், மாப்ள” என்று பதில் போட்டேன். ஆபீஸே சிரித்தது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு.

பிறகு அட்டை அடுக்கும் அம்மா ஒருவருக்கு முழங்கையோடு கை போயிற்று. மேற்பார்வையாளர் வரிசையைத்தான் தள்ளியிருந்தார். பட்டனைத் தட்டிவிட்டார் என்று அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். நானும் ஆமாம் போட்டேன். அதே வாரம், மாப்பிள்ளையைத் தவிர யாருக்கும் சொல்லாமல், பிழையைத் திருத்தினேன்.

சோதித்துப் பார்க்க இருவரும் கிடங்குக்குப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரம், ஆள் இல்லை. டேப்லட் என் கையில். முப்பது முறை தள்ளிப் பார்த்தேன். ஒருமுறைகூட மெஷின் அசையவில்லை.

“பிரமாதம் மச்சான்” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சொன்னார்: “ஆனா விசாரணையில பழைய கதைய நான் சொல்லத்தான் போறேன். அந்த அம்மா கை போச்சு, அந்த ஆள் வேலை போச்சு. நமக்கு எப்படி சோறு எறங்கும்?”

எனக்கு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. தங்கையின் குடும்பமும் இந்த வேலையை நம்பித்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது மெஷினுக்குள் அட்டை ஒன்று சிக்கியிருந்தது. எப்போதும் தொண்ணூறு முறை யோசிக்கிறவர், “அதான் சரி பண்ணிட்டீங்களே” என்று இடுப்புவரை உள்ளே குனிந்தார். நான் விரலைப் பட்டனில் வைத்தேன். வைத்தது தவறில்லை, சார். வைத்தால் ஒன்றும் ஆகாது. அப்படியே மேலே தள்ளியிருந்தால் வரிசை நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். நான்கு விநாடி வைத்திருந்தேன். பிறகு எடுத்தேன்.

இரும்புத் தட்டு இறங்கி முடிக்கப் பதினோரு விநாடி ஆகும். முதலில் “மச்சான்” என்றார். அடுத்து “நிறுத்துங்க” என்றார். நிறுத்தும் பட்டன் சிவப்பில், என் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கால்கள் தரையை உதைத்தன. ஒரு செருப்பு என் முழங்காலில் வந்து அடித்தது. ஏழாவது விநாடியில் முதுகெலும்பு முறிந்தது. அதற்குப் பின் அட்டை நசுங்கும் சத்தம் மட்டும்தான். கதவு வழியே வந்த ரத்தத்தைத் தாண்டிப் போய்த்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வரிசையைத் தள்ளினேன், ஓடிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அவரே மூன்று முறை எழுதிவைத்திருந்தாரே.

நேற்று தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அண்ணே, அவரு மூணு தடவ சொன்னாரே. நீ ஒழுங்கா சரி பண்ணியிருந்தா அவரு இருந்திருப்பாரே.” எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

டேப்லட் உங்களிடம்தானே இருக்கிறது. அதன் பதிவைத் திறந்து பாருங்கள். விரல் பட்ட நேரம், எடுத்த நேரம், நகர்ந்த தூரம் எல்லாம் இருக்கும். நகர்ந்தது இரண்டே புள்ளி. மூன்றாம் பக்கத்தில் ‘ஆப்பின் பிழையால் நேர்ந்த மரணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். நான் சரி பண்ணியிருந்தேன், சார். என் தங்கையிடமும் சொல்லிவிடுங்கள்.