இடது கைக்கு ஒரு துப்பாக்கி

பர்மிய நகரப் பகுதியான பபேடானில் நான் ஏறிய பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் ஃபோனில் துப்பாக்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே, "இந்த வருஷமும் இடது கைக்காரனுக்குன்னு கம்பெனிக்காரன் ஒண்ணும் விடல," என்றார்.

"உங்களுக்குச் சோத்துக் கைதானே அண்ணே? இருந்த துப்பாக்கியவும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டீங்க."

"எனக்கில்லப்பா, மகனுக்கு. என் துப்பாக்கிய அவன் இடது தோள்ல வச்சுச் சுட்டா, காலித் தோட்டா மூஞ்சிக்கு நேரா பறக்கும். ஒரு தடவ சூடா கன்னத்துல பட்டுப் பொசுக்கிருச்சு."

"அப்புறம்?"

"சோத்துக் கையால சுடத் தெரியாதவனுக்கு வேட்டை எதுக்குன்னு எல்லார் முன்னாடியும் திட்டிட்டேன். அதோட என்கூட வர்றத நிறுத்திட்டான். இப்ப தாய்லாந்துல வேலை பாக்குறான்."

"அங்க அவன் துப்பாக்கியா வாங்கப் போறான்?"

"வாங்க மாட்டான். புதுசு புதுசா ஸ்கோப்பு விடுறானுங்க, பெல்ட்டு விடுறானுங்க. இடது கைக்குன்னு என் துப்பாக்கி மாடல்லயே ஒண்ணு விட்டா, அந்தப் படத்தையாவது அவனுக்கு அனுப்பலாம்."

"படம் எதுக்குண்ணே? சும்மாவே ஃபோன் பண்ணுங்க."

"பண்றேன்பா. சாப்பிட்டியான்னு கேப்பேன். ம்ங்கிறான். அதுக்கு மேல என்ன கேக்குறதுன்னு தெரியல."