இசக்கிக்கு அடித்த மணி

ஓடுகிறேன். கையில் சோற்றுக் கரண்டி. கீழே போடத் தோன்றவில்லை. முதல் வெடி 'டொப்' என்று அமுங்கிக் கேட்டது. இரண்டாவது காதைக் கிழிக்கிறது. ஆணியும் கண்ணாடிச் சில்லும் ஆலயச் சுவரில் சடசடவென்று அடிக்கின்றன. சாம்பார் அண்டா கவிழ்ந்துவிட்டது. கொதிக்கிற சாம்பார் என் இடது காலில். வலி தெரியவில்லை.

"குண்டு எறியுதானுவ! ஓடுங்க! பிள்ளைகளப் பிடிங்க!"

யார் குரல் அது? தெரியாது. நானாகவும் இருக்கலாம்.

இன்னொரு குரல் மட்டும் யாருடையது என்று தெரியும். முதல் குண்டுக்கு முன்னால் கேட்டது. "எக்கா, ஓடிப் போயிரு!" மேலத்தெரு இசக்கி. கத்திவிட்டுத்தான் கையை ஓங்கினான்.

அன்று அசனப் பண்டிகை. வருஷத்துக்கு ஒருமுறை ஆலயத்தில் ஊருக்கே சமைத்துப் போடும் விருந்து. மத்தியானம். நல்ல வெயில். பேப்பரில் 'இரு தரப்பு மோதல்' என்று போட்டார்கள். போடட்டும். நான் போர் என்றுதான் சொல்வேன். போட்டவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை.

எங்கள் ஊரைத் தாமிரபரணிக் கால்வாய் இரண்டாகப் பிரிக்கும். இந்தப் பக்கம் கீழத்தெரு. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அந்தப் பக்கம் மேலத்தெரு. ஞாயிறு ஆராதனை நடக்கும்போது அவர்கள் ஒரு சவத்தைத் தூக்கிக்கொண்டு, கொட்டு அடித்தபடி ஆலயத்தைக் கடந்து போனார்கள். எங்கள் ஆட்கள் கொட்டை நிறுத்தச் சொன்னார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. கைகலப்பு. ஒருவனுக்கு மண்டை உடைந்தது. போலீஸ் வேன் வந்து நின்றது. பிறகு போனது. வேன் போன மறுநாள் அசனம்.

இசக்கி அந்நியன் இல்லை. முந்தின வருஷம் அசனத்துக்கு வந்தவன். நான்தான் பரிமாறினேன். "எக்கா, இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதே அண்டா மேல்தான் எறிந்தான், பாவி.

இரண்டாவது வெடிக்குப் பிறகு மணி அடிக்கத் தொடங்கியது.

என் வீட்டுக்காரர் தாசன் கோயில்குட்டி. ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது அவர் வேலை. ஆபத்து என்று ஊருக்குச் சொல்லத்தான் அடித்தார். கயிற்றை வேகவேகமாக இழுத்தார். எங்கள் ஊரில் அசனச் சோறு தயார் என்றாலும் அப்படித்தான் அடிப்பார்கள். தெருக்கோடியில் பிள்ளைகள் காலையிலிருந்து அந்த மணிக்குக் காத்துக் கிடந்தார்கள். வெடியைப் பண்டிகை வெடி என்று நினைத்துவிட்டார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஆலயத்தைப் பார்த்து. எல்லோருக்கும் முன்னால் என் மகன் ஜோயல்.

"வராதிய! திரும்பிப் போங்கல!"

கத்தினேன். மணிச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

மூன்றாவது வெடி. மணி நின்றது.

ஜோயலின் தட்டு கிடைத்தது. அதில் ஒரு நெளிவு கூட இல்லை. தாசன் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. செத்தவர் மேல் என்ன கோபம் என்பார்கள். இருக்கிறதே, என்ன செய்ய?

வழக்கு நடந்தது. கூண்டில் ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். "எக்கா, ஓடிப் போயிரு" என்றதையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். காப்பாற்றக் கத்தியவன் எப்படிக் கொல்ல வந்தவன் ஆவான் என்றார். இசக்கி வெளியே வந்தான். என் மகள் பிளெசி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தாள். வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். "அத ஏம்மா சொன்ன?"

தாசனுடைய வேலையைச் சபை எனக்குக் கொடுத்தது. மணிக்கயிறு என் கைக்கு வந்தது. முன்பெல்லாம் எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் துக்க மணி அடிப்பார்கள். ஒரு அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு அடி. வயலில் நிற்பவர்கள் கேட்டுவிட்டுக் கரையேறுவார்கள். கலவரத்துக்குப் பிறகு மேலத்தெருச் சாவுக்கு அடிப்பதில்லை. அடி என்று யாரும் சொல்லவும் இல்லை.

விரோதிக்காக ஜெபம் பண்ணும்மா என்று சபைக்குப் போதகராக வந்த ஐயர்மாரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். பண்ணினேன். "ஆண்டவரே, அவன் என் கண்ணில் படாமல் இருக்கட்டும்." என்னால் முடிந்த ஜெபம் அதுதான். அதையும் அவர் கேட்கவில்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், பாலத்தில் எதிரே வருவான். தலையைக் குனிந்துகொள்வான். பிறகு சர்க்கரை வியாதி. ஒரு காலை எடுத்தார்கள். இப்போது ஆள் போய்விட்டான்.

அவன் போன அன்று காலை. அடுப்பில் இட்லி வேகிறது. வெடிச் சத்தம். அடுத்த நிமிஷம் நான் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன். கையில் கரண்டி. வாய் மட்டும் "வராதிய, வராதிய" என்கிறது. லீவுக்கு வந்திருந்த பிளெசிதான் இழுத்து வெளியே எடுத்தாள்.

குண்டு இல்லை. சரவெடி. இசக்கி செத்த செய்தி வந்து, எங்கள் தெருப் பையன்கள் ஆலய வாசலில் கொளுத்துகிறார்கள். கலவரம் நடந்தபோது பிறந்திராதவர்கள். ஒருவன் செல்போனில் படம் பிடிக்கிறான். "சித்தி, இன்னிக்கு நமக்குத் தீவாளி!" என்கிறான்.

"நிறுத்துங்கலே! செத்தவன் வீட்டுக்குக் கேக்கும்லே!"

நிறுத்தினார்கள். வாசல் முழுக்கக் காகிதக் குப்பை. அதைப் பெருக்குவதும் என் வேலைதான். பெருக்கினேன். சந்தோஷமா? இல்லை. அழுகையா? அதுவும் வரவில்லை. அசதி. உடம்பெல்லாம் அசதி. ஆனால் எங்கள் ஆலயத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போன கடைசிச் சத்தம் சரவெடியாக இருக்கக் கூடாது என்று பட்டது. அவ்வளவுதான். பெரிய மனசெல்லாம் கிடையாது.

துக்க மணி அடிக்கட்டுமா என்று கேட்டேன். ஐயர் தயங்கினார். "ஒங்க இஷ்டம்மா" என்றார். பிளெசி தயங்கவில்லை.

"கோர்ட்ல அவனக் காப்பாத்துன. இப்ப மணியுமா? அடிச்சேன்னா இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

"அவன நான் காப்பாத்தலட்டி. நடந்தத சொன்னேன்."

கயிற்றைப் பிடித்தேன். ஒரு அடி. இடைவெளி. தாசன் கை பட்டுப் பட்டு வழுவழுத்த கயிறு. மறுபடி ஒரு அடி. எதிர்வீட்டில் கதவைச் சாத்தும் சத்தம். அதற்கடுத்த வீட்டிலும். பிளெசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. கை நிற்கவில்லை.

மத்தியானம் சவம் வந்தது. கால்வாய்ப் பாலம் தாண்டி, ஆலயத்தைக் கடந்துதான் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். மணியைக் கேட்டுக் கொட்டை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே போனார்கள். நானும் நிறுத்தவில்லை. கொட்டு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். இசக்கி பெண்டாட்டி மட்டும் ஆலய வாசலில் நின்று மேலே மணிக்கூண்டைப் பார்த்தாள். யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மன்னித்துவிட்டீர்களா என்று பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கால் கடுக்கிறது. இழந்ததைக் கேளுங்கள். சொல்கிறேன்.

ஊருக்குச் சமைத்த சோறு முழுவதும். இடது காலில் தோல். மகளின் பேச்சு. அது திரும்பி வரும் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஆட்கள்: என் வீட்டுக்காரர் தாசன். என் மகன் ஜோயல், ஒன்றாம் வகுப்பு. ஆழ்வார்குறிச்சியிலிருந்து சமையலுக்கு வந்த வேலு அண்ணாச்சி, எந்தத் தெருவையும் சேராதவர். இசக்கி. அவனையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

நான்கு பேர். தாசன் செத்த அன்று மணி அடிக்க ஆள் இல்லை. அடிக்கிறவர்தானே போய்விட்டார். நானே கயிற்றைப் பிடித்தேன். நான்கு பேருக்கும் துக்க மணி அடித்தது நான்தான்.