ஆறை எட்டாகப் படித்த இயந்திரம்

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வடலூர் இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம் செய்து எழுதுகிறேன். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் நான் தொடுவதில்லை. பொய் சொல்கிறவனுக்கு அவ்வளவு கொஞ்சமாகப் பசிக்காது. தொழிற்சங்கத்து விசாரணைக் குழுவினர் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

நான் வைத்திலிங்கம். நெய்வேலி டவுன்ஷிப்பில் முப்பத்து நான்கு வருடம் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மகனுடைய குவார்ட்டர்ஸின் முன் அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். படத்தில் இருக்கும் எழுத்தைத் தானாகவே படித்து டைப் செய்து தரும் புரோகிராம் ஒன்றை 2016 மார்ச்சில் அதில் ஏற்றினேன். அதன் திறமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைப் படமெடுத்துக் கொடுத்தேன். முள்ளையெல்லாம் எழுத்து என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் படித்துக் கொடுத்தது. மூன்றாவது பத்தியில் சுளைக் கணக்குகூட இருந்தது. அறுத்து எண்ணிப் பார்த்தேன். ஒரு சுளைதான் தப்பு.

இதை முழுதாக நம்பியவர் சாமிக்கண்ணு ஒருவர்தான். சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடமாக கான்ட்ராக்ட் தொழிலாளி. முதல் ஷிப்ட் முடித்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தினமும் நான்கு மணிக்கு என் எதிரில் வந்து உட்காருவார். "மேல சொல்லுங்க ஐயா" என்பார். நான் வாயைத் திறந்தால் என் மகன் டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

ஆகஸ்டில், பர்மனென்ட் ஆகப்போகும் நாற்பத்தொரு பேரின் பட்டியல் வந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் காட்டினார்கள். சிலம்பரசன் என்ற தொழிலாளி அதைப் போனில் படமெடுத்தார். கோணலான படம், திரையின் கோடுகள் எழுத்துக்குக் குறுக்கே ஓடின. சாமிக்கண்ணு மாதிரி பட்டன் போன் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்து பார்க்கவே முடியாது. எழுத்தாக்கிப் பிரிண்ட் போட்டு பஸ் ஸ்டாப்பில் ஒட்டச் சொல்லி சங்கத்தார் நீங்கள்தான் என்னிடம் கொடுத்தீர்கள். ஒட்டினேன்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு தேதி. அதிலிருந்த சாமிக்கண்ணு சான்றிதழ்களோடு அலுவலகம் போகவேண்டிய நாள் பதினாறு, மாலை ஐந்து மணிக்குள். என் தாளில் பதினெட்டு என்று இருந்தது. ஆறுக்கும் எட்டுக்கும் ஒரு வளைவுதான் வித்தியாசம். இயந்திரம் ஆறை எட்டாகப் படித்துவிட்டது.

என் குற்றம் என்னவென்றால், ஒட்டுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். திருத்தவில்லை.

காரணம் கேட்பீர்கள். பர்மனென்ட் ஆனால் ஷிப்ட் மாறி மாறி வரும். குவார்ட்டர்ஸை ஏதாவது தூரத்து பிளாக்கில் கொடுப்பார்கள். நான்கு மணிக்கு என் எதிரில் நாற்காலி மட்டும் இருக்கும். வயது வரம்பின்படி அவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். நாற்காலியையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

பதினாறாம் தேதியும் வந்தார்.

"நாளன்னிக்கு ஆபீசுக்குப் போவணுங்க ஐயா. இஸ்திரி போட்ட சட்டய மாட்டி வச்சிகினு, என்னயக் கிட்ட வரவே வுட மாட்டேங்கிறா வூட்டுல" என்று சிரித்தார்.

மணி நான்கு பத்து. வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தால் இருபது நிமிடத்தில் அலுவலகம். நான் எருமைக் கதையைத் தொடங்கினேன். சுரங்கத்தில் மண்ணள்ளும் ராட்சத இயந்திரம் ஒரு குட்டையை ஒன்பது எருமைகளோடு அள்ளி, மண் போகும் பெல்ட்டில் போட்டது; மூன்று கிலோமீட்டர் தள்ளி அவை ஒவ்வொன்றாக அசைபோட்டுக்கொண்டே இறங்கின. நான்கு முப்பத்தைந்துக்கு எட்டாவது எருமை இறங்கியது. நான்கு நாற்பதுக்கு அவர் எழுந்தார்.

"கெளம்பறேங்க ஐயா, ரேசன் கடைக்குப் போவணும்."

"உக்காருய்யா. ஒம்பதாவது எருமை பெல்ட்டுலயே கன்னு போட்டத இன்னும் சொல்லவே இல்லியே."

உட்கார்ந்தார். சுவரில் கடிகாரம் அவருக்குப் பின்னால் இருந்தது. கன்று ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குப் பிறந்தது.

பதினெட்டாம் தேதி இஸ்திரிச் சட்டையோடு போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று நான்கு மணிக்கு அவருடைய மனைவி சாமியம்மாளும் கூட வந்தார். சிலம்பரசனின் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பதினாறுன்னு இன்னும் பத்து பேருக்கு இருக்குது. அதெல்லாம் உங்க மெசினு ஒழுங்காத்தான் படிச்சிருக்குது. எங்க வூட்டுக்காரரு பேருகிட்ட வந்ததும் மட்டும் அதுக்குக் கண்ணு அவிஞ்சி போச்சாங்க?"

பலாப்பழத்தில் ஒரு சுளை தப்பியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாமிக்கண்ணு குறுக்கே வந்தார்.

"வுடு புள்ள. மெசினு என்னா பண்ணும்? ஐயாவே ஒடஞ்சி போயி ஒக்காந்துகினு இருக்காரு."

அந்த அம்மாள் என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இந்தப் புகாரும் அவர் கொடுத்ததுதான்.

சாமிக்கண்ணு இன்னும் கான்ட்ராக்ட்தான். தினமும் நான்கு மணிக்கு வருகிறார். எனவே பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை என்பது என் எண்ணம். இயந்திரத்தின் பிழையைப் பார்த்தும் சொல்லாமல் இருந்ததற்கு நீங்கள் எந்தத் தண்டனை சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தகவல் விட்டுப்போயிற்று. அந்தப் புரோகிராம் முப்பது நாளைக்குத்தான் இலவசம், ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. ஆகஸ்ட் பட்டியலின் நாற்பத்தொரு வரியையும் என் கையால் நான்தான் டைப் செய்தேன்.