யாரை முதல்ல கூப்பிட்டா?

டீச்சர்: நான் தொடமாட்டேன் தம்பி. நீங்களே குளிப்பாட்டுங்க. நான் இப்படி ஓரமா உட்கார்ந்துக்கிறேன்.

மாமா: சிட்டுவைப் பேச வைக்க வந்தீங்கன்னு பார்த்தா… குளிக்கிறதை வேடிக்கை பார்க்கவா வந்தீங்க?

டீச்சர்: நான் வாரத்துல ஒரு நாள் வர்றவ. உங்க அக்கா வேலைக்குப் போனா நாள் பூரா இவளோட இருக்கிறது நீங்க. பழக்கிவிட வேண்டியது உங்களைத்தான்.

மாமா: அப்போ ரெண்டு வயசுக்காரிக்கு இல்ல, எனக்குத்தான் கிளாஸ்.

டீச்சர்: ஆமா. ம்… ஏன் இவ கேட்கிறதுக்கு முன்னாடியே தண்ணி ஊத்துறீங்க?

மாமா: எங்க கேட்கிறா? வாயைத் திறந்தாத்தானே.

டீச்சர்: கேட்க விட்டீங்களா? தண்ணி மக்கைத் தூக்கிட்டு அப்படியே நிறுத்துங்க. பேசாதீங்க. அவ மூஞ்சியை மட்டும் பாருங்க.

மாமா: குளிரப்போகுது டீச்சர்…

டீச்சர்: உஷ்.

மாமா: என்னைப் பார்க்கிறா… மக்கைப் பார்க்கிறா… திரும்ப என்னை…

டீச்சர்: அதுதான் கேட்கிறது. ஊத்துங்க இப்போ.

மாமா: சிரிப்பைப் பாருங்க கழுதைக்கு. இத்தனை நாளும் இப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தாளா?

டீச்சர்: இன்னொரு தடவை.

மாமா: கையை நீட்டுறா… உதட்டைக் குவிக்கிறா…

டீச்சர்: அட, ஏன் சட்டுன்னு ஊத்திட்டீங்க?

மாமா: கை தவறிடுச்சு.

டீச்சர்: தவறல. வார்த்தை வர்ற நேரமாப் பார்த்து ஊத்துனீங்க. என்ன சொல்ல வந்தா?

மாமா: … ‘மாமா’.

டீச்சர்: முன்னாடியே சொல்லியிருக்காளா?

மாமா: போன மாசத்துலேர்ந்து. அக்காகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். வேலை முடிஞ்சு வந்து செருப்பைக்கூடக் கழட்டாம, ‘அம்மா சொல்லு, அம்மா சொல்லு’ன்னு இவகிட்ட கெஞ்சுது. பெத்தவ காத்துக்கிடக்கும்போது என் பேரு முதல்ல வந்துடுச்சுன்னு எந்த வாயால சொல்ல? அந்த வார்த்தை வந்த பிறகு இது வரட்டும்னுதான்…

டீச்சர்: முன்னாடி வர்றதை மறிச்சா, பின்னாடி நிக்கிறதும் வராது தம்பி.

மாமா: அக்கா மனசு ஒடிஞ்சிடுமே.

டீச்சர்: ஒடியாது.

மாமா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

டீச்சர்: நீங்க கடைக்குப் போனா, சிட்டு கதவைத் தட்டித் தட்டி ‘மாமா, மாமா’ன்னு கூப்பிடுறாளாம். உங்க அக்காதான் சொன்னாங்க. ‘அவன் காதுக்குப் போயிடக்கூடாது டீச்சர், அப்புறம் கிடைச்ச கப்பல் வேலையை விட்டுட்டு இங்கேயே உட்கார்ந்துடுவான்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.