பரவாயில்லையா என்று கேட்டவள்

தண்ணீர் வேண்டாம் மேடம், பரவாயில்லை. குடித்துவிட்டுத்தான் வந்தேன். நாள் முழுக்கப் பெண்களிடம் "நல்லா தண்ணி குடிங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது தொற்றிக்கொண்டது. எங்கே போனாலும் கையில் ஒரு பாட்டில் இருக்கும். உங்கள் விசாரணை அறை வாசலில் நின்ற காவலர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

நான் நர்ஸ். வார்டில் இல்லை, மாடியில் மருந்து ஆய்வுப் பிரிவில். சிறுநீர்ப்பையில் கிருமி தொற்றி, நீர் பிரியும்போது எரிகிற பெண்களுக்கு ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்த்தோம். ஆன்டிபயாடிக்கை அடிக்கடி சாப்பிட்டால் ஒரு கட்டத்தில் அது வேலை செய்வதில்லை. அது இல்லாமலே இந்த நோய் தீருமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புதியது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. நல்ல ஆய்வு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

தினமும் ஒவ்வொருவருக்கும் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்பக்கம் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே அவரை வரவழைத்துவிட வேண்டும். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறுகிறது என்று அர்த்தம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி போடுவோம். போட்டால் தேறிவிடுவார்கள். ஆனால் அத்தோடு அவர் ஆய்விலிருந்து வெளியே போய்விடுவார். எங்கள் பேச்சில் அதற்கு 'டிராப்' என்று பெயர்.

இந்த நோயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் வலியைவிட வெட்கம் அதிகம். பரிசோதனைக்கான குப்பியை யாரும் அப்படியே கொண்டுவர மாட்டார்கள். துணிப்பைக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் குப்பி. பரிசோதனைக்கூடத்துக்காரர் பிரித்துப் பிரித்து அலுத்துப்போய், "என்னம்மா, உள்ள நகையா?" என்று கேட்பார். வந்தவர் முகம் சிவக்கும். நான் தோளில் கைவைத்து உள்ளே கூட்டிப் போவேன். என்னிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்களுக்கு எழுதித் தந்திருந்த கேள்வி இது: "இன்று சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் எந்த அளவுக்கு இருந்தது?" ஓர் எழுத்து மாறாமல் அப்படியேதான் கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த முதல் பாதியைப் போனில் சத்தமாகச் சொல்ல எனக்கே கூச்சம். மென்று விழுங்கி, "இன்னைக்கு எரிச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்காரம்மா பெருமூச்சு விட்டார்.

"எரிச்சல் இல்லாம எப்படிம்மா இருக்கும்? விடிஞ்சதும் என் மாமியார் ஆரம்பிச்சுட்டாங்க."

இன்னொருவர், "யார் மேல?" என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். "நேத்துக்கு இன்னைக்குப் பரவாயில்லையா?" கூச்சமில்லாத கேள்வி. யார் கூட இருந்தாலும் கேட்கலாம், யார் கூட இருந்தாலும் பதில் சொல்லலாம்.

எல்லாரும் பரவாயில்லை என்றார்கள்.

அந்தச் சொல் உங்களுக்கும் தெரியும். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்தால் பரவாயில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் பரவாயில்லை. கல்யாணம் தட்டிப்போன வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள். குணமாகிவிட்டது என்றும் அதற்குப் பொருள் உண்டு. வலிக்கத்தான் செய்கிறது, உங்களைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்றும் பொருள் உண்டு. பெண்கள் பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான் சொல்வார்கள். நான் முதல் பொருளில் ஏற்றினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்கு அது உண்மையும்கூட.

இதே ஆய்வு வேறு மருத்துவமனைகளிலும் நடந்தது. அங்கெல்லாம் டிராப் ஆகிக்கொண்டே இருந்தார்கள். எங்களிடம் ஒருவர்கூட இல்லை. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தம்மாவுக்குக் கைராசி. இவங்க போன்ல பேசினாலே பாதி நோய் போயிடுது." அன்றிலிருந்து எனக்குக் கைராசிக்காரி என்றே பெயர் ஆயிற்று. லிஃப்ட் இயக்குபவர்கூட "கைராசியம்மா, மேலயா கீழயா?" என்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியார் என்னை "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்டார் மேடம். ஒரு நல்ல பெயர் கிடைத்தால் அதைக் காப்பாற்றத் தோன்றும். இதை நியாயம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தையற்கார அம்மா ஒருவர் இருந்தார். நான்கைந்து முறை பரவாயில்லை என்றவர், ஒருநாள் வேறு ஏதோ மருத்துவமனையிலிருந்து பேசினார். காய்ச்சல் தாங்காமல் அங்கே போய் ஊசி போட்டுக்கொண்டாராம். "உங்க மருந்து கேக்கலைன்னு நினைச்சுக்காதீங்க. என் உடம்பு வாகு அப்படி" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். ஊசி விஷயத்தைக் கணினியில் ஏற்றவில்லை. அவரோ பிழைத்துக்கொண்டார், யாருக்கும் நஷ்டமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். பரிமாறுகிற கை நம்முடையதாக இருந்தால் போதும்.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான்.

என் கணவருக்கு ஒரே தங்கை. நான் அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமியார் என்னைத் திட்டும்போதெல்லாம் வேண்டுமென்றே ஒரு பாத்திரத்தைக் கீழே போடுவாள், திட்டு அவள் பக்கம் திரும்பட்டும் என்று. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். ஒரு மகள். கணவர் லாரி ஓட்டுபவர், வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாகச் சொன்னாள். "அண்ணி, ஒண்ணுக்குப் போனா உயிர் போகுது. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

"இதுக்கு ஏன்டி கதவைச் சாத்தறே? நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா, நான் பாத்துக்கறேன்."

வந்தாள். ஆய்வுக்கு இன்னும் ஒருவர் தேவைப்பட்ட நேரம். அவளைச் சேர்த்தேன். உறவுக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. அவள் என் நாத்தனார் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை, அவளையும் சொல்ல வேண்டாம் என்றேன். சேர்வதற்குமுன் எல்லாவற்றையும் விளக்க வேண்டும், சந்தேகம் கேட்க நேரம் தர வேண்டும். அவள் விளக்கவே விடவில்லை. "நீங்க சொன்னா சரிதான் அண்ணி" என்று கையெழுத்துப் போட்டாள்.

முதலில் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் பகலில், நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவளே கூப்பிட்டாள். மறுநாளோடு அவளுடைய ஆய்வு நாட்கள் முடிகின்றன. அவள்தான் கடைசி ஆள். மாத்திரை தயாரித்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் அவரிடம் என்னைக் காட்டி, "ஒருத்தர்கூட டிராப் இல்லை. எல்லாம் இவங்க கைராசி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்தபடியே போனைக் காதில் வைத்தேன்.

"அண்ணி, குளிருது. ரெண்டு போர்வை போத்தியும் நடுக்கம் நிக்கல. முதுகுல இந்தப் பக்கம் குத்துது."

அவள் பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். உடனே ஆட்டோ பிடித்து வா என்று சொல்லியிருக்கலாம். கீழே வார்டில் ஊசி மருந்து இருந்தது. நான் சொன்னது இது: "நல்லா தண்ணி குடிச்சிட்டுப் படு. நாளைக்கு எப்படியும் இங்க வரணுமே, அப்ப பாத்துக்கலாம். மத்தபடி நேத்துக்கு இன்னைக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றாள். நானும் அப்படியே ஏற்றிவிட்டு வந்தவரோடு காபி குடிக்கப் போனேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே. இவங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லலையா?" என்று கேட்டார். நான் அங்கே நர்ஸாக நிற்கவில்லை, உறவுக்காரியாக நின்றேன். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். வாயில்லாப் பூச்சி. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே, பக்கத்துல நர்ஸ் அண்ணியை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டாளே. நான் ஆமாம் ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரியில் விசாரித்தபோதும் அதையேதான் சொன்னேன்: நோயாளி தன் நிலையை மறைத்துவிட்டார். அவர்களும் அப்படியே முடித்துக்கொண்டார்கள். நாங்கள் பேசியது எங்கேயும் பதிவாகவில்லை. இன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தால் உங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

திறப்பதற்குக் காரணம் அவள் மகள். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டு, சட்டைக் கைக்குள் மறைத்துவைத்திருந்தாள். தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன். "பரவாயில்லை அத்தை" என்றாள். குனிந்தபடியே மருந்து போட்டுவிட்டேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது மேடம். தலை பின்னிவிடும்போது அவள் முதுகுப்பக்கம் இருப்பதால்தான் என்னால் பின்னிவிடவே முடிகிறது.

என் கணவர் கீழே பெஞ்சில் இருக்கிறார். நான் சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைக்கிறார். "தைரியமா சொல்லு, என் தங்கச்சி உன்னை நம்பித்தான் இருந்தா" என்று சொல்லி மேலே அனுப்பினார்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததால் இங்கேயும் அது தானாக வாயில் வந்துவிட்டது. அவள் பரவாயில்லை என்று சொன்னதாகச் சொன்னேன் அல்லவா, அந்த வரி.

அவள் அப்படிச் சொல்லவில்லை. "இல்ல அண்ணி, பயமா இருக்கு. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவளுக்கு வாய் இருந்தது, நன்றாகவே இருந்தது. எதிரே இருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போனை வைத்துவிட்டு அவர்களிடம் திரும்பி, சிரித்த முகமாக, "பரவாயில்லைங்கறாங்க" என்றேன்.