காது மிஷின்

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டால் போதும், நான் காப்பிகூடக் கேட்க மாட்டேன். ஜன்னல் பக்கம் இருந்தால்தான் கருவியில் குரல் தெளிவாக விழும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, ஏனென்றால் விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரியான நீங்கள் கொடுத்திருக்கும் படிவத்தில் முதல் கேள்வியே கருவியைப் பற்றியதுதான்.

என் பெயர் குமரகுருபரன். வயது அறுபத்தைந்து. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்தது ரேடியோ ஸ்கேனர். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதை அதில் கேட்கலாம். கேட்க மட்டும்தான் முடியும், நாம் பேச முடியாது. என்னிடம் படித்த ஏரல்காரன் அசன் முகம்மது துபாயிலிருந்து வந்தபோது கொடுத்தது. "சார், ஒங்களுக்குப் பொழுது போவும்" என்றான். போயிற்று. பறக்கும்போது அதைப் போடக் கூடாது என்று தெரியும். தெரிந்தேதான் போட்டேன். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி 'நோக்கம்'. அதற்கு ஒன்றரை வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். ஆகவே தனித்தாள்.

என் நண்பன் கைலாசம் அதே கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். பிறகு முதல்வராகவும் ஆனான். ஓய்வுக்குப் பின் சென்னையில் ஒரு பதிப்பகம் பாடப்புத்தகம் எழுத எங்கள் இருவரையும் கூப்பிட்டது. மாதம் இரண்டு தடவை விமானத்தில் போய்வருவோம். கைலாசம் நல்லவன். இதை யாராலும் மறுக்க முடியாது, நான் மறுத்துப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு சங்கதியைச் சொல்ல ஆரம்பித்தால் அதன் முடிவை அவன் சொல்லிவிடுவான், என்னைவிட நன்றாகவே. 1987-இல் எனக்கு விஜயஸ்ரீயைப் பெண் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து போனபோது துணைக்கு அவனைக் கூட்டிப்போனேன். கேசரி தின்று முடிப்பதற்குள் அந்த வீட்டில் எல்லோரும் அவனிடமே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம். பந்தியில் பாயசம் விட்டவன் நான். அதன்பிறகு நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. விவரம் விட்டுப்போகக் கூடாதே என்று எழுதுகிறேன்.

முதல் தடவை நான் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்ததைக் கைலாசம் பார்த்தான்.

"என்னலே, காது மிஷினா? சொல்லவே இல்ல?"

என் காதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் குரலில் இரக்கம் இருந்தது. கொடுக்கிற இரக்கத்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லை. ஆமாம் என்றேன்.

சென்னையை நெருங்கும்போது, முன்னால் நாலு விமானம் நிற்கிறது, வட்டமடியுங்கள் என்று எங்கள் விமானிக்கு உத்தரவு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் பன்னெண்டு நிமிசம் சுத்தும் வே" என்றேன். பதினொன்றரை நிமிடத்தில் இறங்கியது.

"எப்பிடிலே சொன்ன?"

"தோணிச்சு."

சிரித்தான். அடுத்த மாதம் ஊருக்குத் திரும்பும்போது சிரிக்கவில்லை. விமானம் தாழ்ந்துவிட்டது, ஆற்றங்கரை வாழைத்தோட்டங்கள் இலை இலையாகத் தெரிந்தன. ஓடுபாதையில் மயில்கள் நிற்பதாகக் கோபுரம் சொன்னது. மேலே ஏறப்போவதாக விமானி சொன்னார். "இப்ப எறங்காது. மயில் வருது" என்றேன். நான் வாயை மூடுமுன் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. ஐந்து நிமிடம் கழித்துப் பணிப்பெண் ஒலிபெருக்கியில் மயிலைப் பற்றிச் சொன்னாள். கைலாசம் வீட்டில் காதுகுத்திலிருந்து கார் பூஜைவரை எல்லாமே திருச்செந்தூரில்தான். திரும்பிப் பார்த்தால், கைகூப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து.

அடுத்த பயணத்தில் விமானப் படியில் கால் வைக்குமுன் கேட்டான். "ஏலே குமரா, இன்னைக்கு எப்பிடி இருக்கு?"

நாற்பது வருடப் பழக்கத்தில் கைலாசம் என்னிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது, ஐயா.

கருவி எல்லா நாளும் சுவாரசியமாகப் பேசாது. வானம் தெளிவு, காற்று அமைதி, வணக்கம், இவ்வளவுதான். அந்த நாட்களில் நானாக எதையும் இட்டுக்கட்டவில்லை. 'ச்சு' என்பேன். ஒரு 'ச்சு'வுக்கு ஒரு மனிதன் எவ்வளவு வேர்ப்பான் என்பதை ஒரு ஆசிரியனுக்குரிய பொறுமையோடு கவனித்துவந்தேன். மயிலுக்குப் பிறகு மூன்றாவது பயணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஐந்தாவதில் காகிதப் பையில் வாந்தி எடுத்தான். ஏழாவதில், மேகத்துக்குள் விமானம் லேசாகக் குலுங்கியபோது, "நான் என்னலே பாவம் செஞ்சேன்?" என்று கேட்டான். யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். எட்டாவது பயணத்துக்கு ரயிலில் வந்தான். அதற்குள் ஆறு கிலோ குறைந்திருந்தான். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார்கள். இளைத்தது உடம்புக்கு நல்லதுதான்.

இந்த நிலையில்தான் அவன் ஒரே மகள் ப்ரியாவுக்கு மெல்போர்னில் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை கணேஷ்ராமுக்கு விடுப்பு இல்லை. கல்யாணம் அங்கேதான். விசா வந்துவிட்டது. பெண் மாப்பிள்ளை பெயர் போட்டுப் பத்தமடையில் சொல்லி நெய்த பாயும் வந்துவிட்டது. கைலாசம் என்னை வீட்டுக்கு வரச்சொன்னான். காலைச் சாப்பாட்டு நேரம். விஜயஸ்ரீ எனக்கு இட்லி வைத்தாள். அவன் தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

"பாத்துச் சொல்லுலே. நான் போலாமா?"

"இதென்ன கூத்து?" என்றாள் விஜயஸ்ரீ. "அண்ணாச்சி என்ன சோசியரா? பெத்த பிள்ள கல்யாணத்துக்குப் போவ இன்னொருத்தர்ட்டயா கேப்பாவ?"

"நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

நான் ஒயரைக் காதில் மாட்டினேன். சாப்பாட்டு மேசையில் அந்தக் கருவியில் இரைச்சல்தான் வரும். பத்து விநாடி கேட்டேன். பிறகு சொன்னேன்: "ஏறாதலே. நீ இருக்க விமானம்..."

அத்தோடு நிறுத்திவிட்டேன். பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுத முடியாது ஐயா. நான் வாக்கியத்தை முடிக்கவில்லை, அவ்வளவுதான். முடிவை அவன் சொல்லிக்கொண்டான், வழக்கம்போல.

தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு, நான் ஒரு வார்த்தை கேட்காமல், அவனே சொன்னான். "அப்பம் நீ அவகூடப் போலே. நீ இருந்தா விமானத்துக்கு ஒண்ணும் ஆவாது. தார வாக்கதுக்கும் ஆள் வேணும்லா."

கல்யாணத்துக்கென்று தனக்கு எடுத்திருந்த பட்டு வேட்டியையும் கொடுத்துவிட்டான். இடுப்பில் கொஞ்சம் தளர்வு. மற்றபடி பொருத்தம்.

மெல்போர்னில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. பெண்ணின் அப்பா இடத்தில் நான் நின்றேன். தாரை வார்க்கும்போது அம்மாதான் செம்பிலிருந்து தண்ணீர் விட வேண்டும். விஜயஸ்ரீ செம்பைச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டாள். கூச்சமாக இருந்திருக்கும். பூக்கூடையில் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் கைலாசம் பார்த்துக்கொண்டிருந்தான். படம் நின்று நின்று வந்ததால் அவன் அழுதது பாதிதான் தெரிந்தது.

"அப்பா ஏன் மாமா வரல?" என்று ப்ரியா கேட்டாள்.

"அவனுக்குத் தைரியம் பத்தலம்மா" என்றேன்.

இனி இன்றைய நிகழ்ச்சி. சென்னையிலிருந்து வந்த விமானத்தில் எனக்கு 14ஏ, விஜயஸ்ரீக்கு 14பி. மெல்போர்ன் போய்வந்த இந்தப் பதினைந்து நாளில் அவள் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பேச்சுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமே என்று, "இன்னும் ஏழு நிமிசத்துல எறங்கிரும். நேரா எறக்கம்" என்றேன். அவள் இருக்கைப் பட்டையை இழுக்கும்போது முழங்கை ஒயரில் பட்டது. ஒயர் கழன்றது. கருவி சத்தமாகவே பேசியது. நேராக இறங்கலாம், காற்று அமைதி என்று கோபுரம் சொன்னது மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும்.

அவள் கருவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது காது மிஷின் இல்லயா அண்ணாச்சி?"

"இதுவும் காதுல கேக்கதுதான்."

பட்டையைப் பூட்டிக்கொண்டாள். பிறகு பைய, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி, "மயிலும் இதுலதான் வந்துச்சா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் கையைத் தூக்கிப் பணிப்பெண்ணை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். புகார் கொடுத்தவர் இருக்கை 14பி என்று உங்கள் தாளில் தலைகீழாகப் படித்தேன். தப்பில்லை. விதி விதிதான்.

கடைசிக் கேள்வி, 'சக பயணிக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இருந்ததா'. இருந்தது என்று எழுதுகிறேன். ஒரு தைரியசாலியைத் தெரிந்தே கோழையாக்கினேன். அவன் பெண்ணை அவன் கையால் கொடுக்கவிடாமல் செய்தேன். அவன் இடத்தில், அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன். எட்டு மாதம் பிடித்தது. சந்தோஷமாகவே செய்தேன். ஆனால் தீங்கு என்கிற சொல் கொஞ்சம் பெரியது. வேறு சொல் இருந்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்களைக் கூட்டிப்போகக் கைலாசம் கார் கொண்டுவந்திருப்பான். மூன்று பேருமாகப் போவதாகத்தான் ஏற்பாடு. அவர்கள் கிளம்பி அரைமணி நேரமாகிவிட்டது என்கிறார் வாசலில் நிற்கும் உங்கள் காவலர். அந்த அம்மா ஏதோ சொன்னதும் அந்த ஐயா வெளியே நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம், பிறகு எழுந்து உள்ளே வந்து, நாளைக் காலை முதல் விமானத்தில் மெல்போர்னுக்கு வழி உண்டா என்று கவுன்ட்டரில் கேட்டாராம், டிக்கெட்டும் போட்டாராம். காவலர் வேறு யாரையோ பார்த்திருக்க வேண்டும். கைலாசம் என்னைக் கேட்காமல் விமானம் ஏற மாட்டான்.